டெல்டாவைக் கழிமுகம் என்னாதீர்

குமரி மாவட்டத்து மணக்குடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். அவள் கைடில் 'காவிரிக் கழிமுகப் பகுதியில் நெல் செழித்து வளர்கிறது' என்று ஒரு வரி. டெல்டாவைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். இதை எத்தனையோ இடத்தில் பார்த்து அலுத்துப்போனவன் நான். அவளுக்கு இது புதுசு. "கழியில உப்புதானே மாமா விளையும், நெல்லு எப்படி?" என்றாள்.

டெல்டா என்பது கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர். முக்கோண வடிவம். நைல் ஆறு கடலை நெருங்கும்போது கிளைகளாக விரியும் நிலம் அப்படி இருந்ததால் கிரேக்கர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவ்வளவுதான் கதை.

கழி வேறு. கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி அது. சங்கப் பாட்டில் நெய்தல் நிலம் என்றாலே கழியும் கானல் என்ற கடற்கரைச் சோலையும் வந்துவிடும். பழையாறு மணக்குடியில் கடலோடு கலக்கும் இடம் கழிமுகம்; பக்கத்திலேயே உப்பளங்கள். ஆங்கிலத்தில் இதற்கு எஸ்சுவரி என்று பெயர். அதன் லத்தீன் மூலத்திலேயே கடலின் ஏற்றவற்றம் இருக்கிறது, நம் ஓதம்.

எஸ்சுவரியில் கடல் ஆற்றுக்குள் வருகிறது. டெல்டாவில் ஆறு கடலைப் பார்த்து நிலம் கட்டுகிறது. சுமந்து வந்த வண்டலை வேகம் குறைந்த இடத்தில் இறக்கி, இறக்கிய சுமையே வழியை மறிக்க, ஆறு கிளை பிரிந்து ஓடுகிறது. காவிரியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் அப்படிக் கட்டியவைதான் அந்த வயல்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் என்ன ஆகும்? 'நர்மதையும் தபதியும் டெல்டா அமைப்பதில்லை, எஸ்சுவரியே அமைக்கின்றன' என்ற பாடம், 'கழிமுகம் அமைப்பதில்லை, கழிமுகமே அமைக்கின்றன' என்று வந்து நிற்கும்.

ஆறு தன் நீரைக் கழிக்கும் முகம், ஆகவே கழிமுகம் டெல்டாவுக்கும் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். சரி, அப்படியானால் கூவமும் டெல்டாதான். இன்னொரு கட்சி முகத்துவாரம் என்கிறது. முகமும் துவாரமும் ஒட்டிய வடசொல் என்பதுகூட எனக்குப் பெரிய குறையில்லை. அது வள்ளம் நுழையும் ஒரு வாய். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாவற்றையும் அந்த வாய்க்குள் திணிக்க முடியாது.

மொழிபெயர்ப்பவர்கள் கடற்கரைக்கு வந்து யாரிடமாவது கேட்டால் என்ன? எங்கள் பக்கம் பொழி என்று ஒரு சொல் உண்டு. வெயில் காலத்தில் ஆற்றில் நீர் வற்ற, அலை மணலை ஒதுக்கி வாயை மூடிவிடும். பொழி அடைந்து கிடக்கும். மழை வெள்ளம் வந்தால் முறியும், இல்லையென்றால் ஆட்களே போய் வெட்டிவிட வேண்டும். மழை பொழிகிற பொழிதான் இது என்பது என் எண்ணம். பொழிக்கரை என்று ஊரே இருக்கிறது. நான் பார்த்த ஒரு மொழிபெயர்ப்பில் இது 'மணல் திட்டால் தற்காலிகமாக அடைபட்ட ஆற்று முகத்துவாரம்' ஆகியிருந்தது. ஆறு சொல்!

அப்போ டெல்டாவுக்கு என்ன சொல்வது? படுகைதான் உள்ளதிலேயே நல்ல சொல். படிந்து உண்டான நிலம். ஆனால் அதை எடுத்து ஆற்றின் நீர் வந்து சேரும் மொத்தப் பரப்புக்கும் கொடுத்துவிட்டார்கள். இப்போது காவிரிப் படுகை என்றால் தலைக்காவிரியிலிருந்தே கணக்கு. அதனால் நான் வண்டல்படுகை என்று எழுதுகிறேன். அது பிடிக்காவிட்டால் டெல்டா என்றே இருக்கட்டும். தஞ்சாவூர்க்காரர்களே தங்களை டெல்டாக்காரர்கள் என்றுதானே சொல்லிக்கொள்கிறார்கள்.

கைடின் ஓரத்தில் பென்சிலால் வண்டல்படுகை என்று எழுதிக் கொடுத்தேன். "இதை எழுதினா மார்க் போடுவாங்களா மாமா?" என்றாள்.

பரீட்சையில் டெல்டா என்றே எழுதச் சொல்லிவிட்டேன்.