ஸ்மார்ட் ரிமோட்டுக்குக் காது கிடையாது

“டிவியை ஆஃப் பண்ணச் சொன்னா ஆன் ஆகுதுங்க.” ஸ்மார்ட் ஐஆர் ரிமோட், அதாவது நாம் குரலில் சொல்வதை அகச்சிவப்பு (ஐஆர்) சிக்னலாக டிவிக்கு அனுப்பும் சின்னப் பெட்டி, வைத்திருக்கும் வீடுகளிலிருந்து எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். வீடுகளில் ஹோம் தியேட்டரும் குரல்வழிக் கட்டுப்பாடும் அமைத்துத் தருவது என் தொழில். இப்படிப் புகார் சொல்பவர்கள் முதலில் சாதனம் பழுது என்பார்கள். அப்புறம், தங்கள் உச்சரிப்பு அலெக்சாவுக்கோ கூகுளுக்கோ புரியவில்லை என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டுமே இல்லை. அந்தச் சின்னப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை விற்றவரும் சொல்லவில்லை, பொருத்தியவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் பேசுவது முதலில் ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குப் போகிறது. அங்கிருந்து இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வருக்கு, அதிலிருந்து ரிமோட் தயாரித்தவரின் சர்வருக்கு, பிறகு உங்கள் வீட்டு வைஃபை வழியாக ஐஆர் பெட்டிக்கு. இதுவரை ஒவ்வொரு கட்டத்திலும் ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு பதில் திரும்பிப் போகும். கடைசித் தாவலில்தான் சிக்கல். பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மட்டுமே. பெட்டி மினுக்கிவிட்டு ஓய்ந்துவிடும். டிவி அதை வாங்கிக்கொண்டதா, இல்லையா, டிவி இப்போது ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. அதற்கு வாய் உண்டு, காது கிடையாது. ஆப்பில் ‘ஆன்’ என்று காட்டுவதெல்லாம், கடைசியாக நான் ஆன் சிக்னல் அனுப்பினேன் என்ற ஞாபகம்தான்.

இப்போது அந்தப் புகாருக்கு வருவோம். பெரும்பாலான டிவி ரிமோட்டுகளில் பவர் பட்டன் ஒன்றுதான். ஓடினால் அணைக்கும், அணைந்திருந்தால் ஓட்டும். வீட்டில் யாரோ பழைய ரிமோட்டால் டிவியை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்து வருபவர் “டிவியை ஆஃப் பண்ணு” என்றதும் பெட்டி அதே பவர் சிக்னலை அனுப்பும், டிவி விழித்துக்கொள்ளும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் கையில் இருக்கும் ரிமோட்டில் ஒரே பட்டன் இருந்தாலும், ஆன் செய்ய ஒன்று, ஆஃப் செய்ய இன்னொன்று என்று தனித்தனிச் சிக்னல்களை ஏற்கும் டிவிகளும் ஆம்ப்ளிஃபயர்களும் நிறையவே உண்டு. ஸ்மார்ட் ரிமோட்டின் ஆப்பில் உங்கள் பிராண்டுக்கு நாலைந்து விதமான சிக்னல் தொகுப்புகள் வரிசையாக வரும். முதலாவது வேலை செய்ததும் “சரி, ஆச்சு” என்று சேமித்துவிடாதீர்கள். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது ‘ஆன்’ அழுத்திப் பாருங்கள். டிவி அப்படியே ஓடினால் அது தனி ஆன் சிக்னல். அணைந்துவிட்டால், அது அந்தப் பழைய ஒற்றைப் பட்டன்தான். அடுத்த தொகுப்பைச் சோதியுங்கள். இந்த ஒரு சோதனைக்குச் செலவழிக்கும் சில நிமிடங்கள் பிறகு வரும் எரிச்சலில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும்.

எந்தத் தொகுப்பிலும் தனிச் சிக்னல் கிடைக்கவில்லை என்றால், டிவி எடுக்கும் மின்சாரத்தை அளக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் சேர்க்கலாம். ஓடும் டிவி பத்துக்கணக்கான வாட் எடுக்கும், காத்திருக்கும் டிவி மிகக் குறைவாகவே எடுக்கும். அதை வைத்து நிலையைத் தெரிந்துகொண்டு சிக்னல் அனுப்பும்படி விதி எழுத முடியும். ஆனால் அந்தப் பிளக்கையே நிறுத்தி டிவியை அணைக்க வேண்டாம். ஓஎல்இடி டிவிகள் அணைத்த பிறகு காத்திருப்பு நிலையில்தான் தங்கள் திரையைச் சீர்செய்துகொள்கின்றன. மின்சாரமே இல்லையென்றால் அந்த வேலை நடக்காது.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் சாதனங்கள் ஐஆர் மொழி பேசுபவைதானா? ஃபயர் டிவி ஸ்டிக்கை ஐஆர் பெட்டியால் இயக்க முடியாது, அதில் ஐஆர் ரிசீவரே இல்லை. பிளேஸ்டேஷன் 5 கதையும் அதேதான். எக்ஸ்பாக்ஸில் ரிசீவர் உண்டு. சோதிக்க ஒரு சுலப வழி, ரிமோட்டின் முனையை போனின் கேமராவுக்கு நேரே காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளையாக ஏதாவது மினுங்கினால் அது ஐஆர். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி இருப்பதால் செல்ஃபி கேமராவில் பார்ப்பது நல்லது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டிக்குடன் வரும் ரிமோட்டில் பவர், வால்யூம் பட்டன்கள் மட்டும் டிவிக்காக ஐஆர் அனுப்பும், மற்றவை புளூடூத். ஆகவே வால்யூமை அழுத்திப் பார்த்துவிட்டு “மினுங்குகிறதே” என்று முடிவுக்கு வராமல், அம்புக்குறிப் பட்டனையும் ஹோம் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். அண்மைக்கால ஸ்மார்ட் டிவியாக இருந்தால் அதற்கு ஐஆர் பெட்டி கடைசித் தேர்வாகத்தான் இருக்க வேண்டும். அந்த டிவியை அலெக்சாவுடனோ கூகுள் ஹோமுடனோ நேரடியாக வைஃபை வழியாக இணைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் டிவி தன் நிலையைத் தானே சொல்லும், ஊகத்துக்கு வேலையில்லை. எச்டிஎம்ஐ கம்பி வழியாகச் சாதனங்கள் ஒன்றையொன்று எழுப்பும் சிஇசி வசதியும் பெரும்பாலான டிவிகளில் இருக்கிறது. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. ஐஆர் பெட்டி உண்மையில் பயன்படும் இடம் வேறு. செட்டாப் பாக்ஸ், பழைய ஆம்ப்ளிஃபயர், புரொஜக்டர், டிவிடி பிளேயர் என்று இணையமே அறியாத, ஆனால் இன்னும் நன்றாக வேலை செய்யும் பொருட்களுக்கு அது புதிதாக உயிர் கொடுக்கும். தூக்கிப் போட மனசில்லாத நல்ல ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

சரி, வாங்கியாயிற்று. வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறதா? இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டும் சந்திக்காது. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு இணைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பப் போட்டுவிடலாம். அமைப்பின்போது ஆப் இருப்பிட அனுமதி கேட்கும். அருகிலுள்ள வைஃபைகளைத் தேட ஆண்ட்ராய்டில் அது தேவைப்படுவதுண்டு. வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். தொடர்பு எண்களைக் கேட்டால் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐஆர் ஒளி சுவரைத் தாண்டாது, மரக் கதவைத் தாண்டாது. சுவரில் பட்டுத் திரும்பும் என்பதால் ஓரளவு மூலையிலிருந்தும் வேலை செய்யும், ஆனால் அதை நம்பி அமைப்பது சரியில்லை. டிவிக்கு எதிரே, சாதனங்கள் எல்லாம் தெரியும்படி ஓர் இடம்தான் சிறந்தது. அலமாரிக்குள் இருக்கும் செட்டாப் பாக்ஸுக்கு, கம்பியின் முனையில் சின்ன ஐஆர் விளக்கு இருக்கும் எமிட்டரை அதன் ரிசீவர் மேலேயே ஒட்டிவிடலாம். அப்புறம், டிவியின் ஐஆர் ரிசீவர் பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும். சவுண்ட்பார் வாங்கி அதை டிவிக்கு முன்னால் வைத்ததும் ரிசீவர் மறைந்துவிடும். “போன வாரம் வரைக்கும் வேலை செஞ்சுது” என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, புதிதாக சவுண்ட்பார் வைத்தீர்களா என்றுதான்.

இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கிறேன். ஐஆர் பெட்டிக்கு அடாப்டர் தனியாக எதற்கு என்று டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் கொடுத்துவிடுவது. பார்க்க அழகாக, கம்பி தெரியாமல் இருக்கும். ஆனால் டிவி அணைந்ததும் பல மாடல்களில் யுஎஸ்பி மின்சாரமும் நின்றுவிடும். பெட்டியும் சேர்ந்து செத்துவிடும். “அணைக்க முடிகிறது, போட முடியவில்லை” என்றால் முதலில் அந்தக் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வெயில் நேராக டிவி மேல் விழும் அறைகளில் சிக்னல் தவறுவதும் உண்டு. இது பழைய தலைவலி. 1955இல் ஸெனித் நிறுவனத்துக்காக யூஜின் பாலி உருவாக்கிய ஃப்ளாஷ்மாட்டிக் ரிமோட், டிவித் திரையின் நான்கு மூலைகளில் இருந்த ஒளியுணர்விகள் மீது வெளிச்சம் பாய்ச்சி வேலை செய்தது. சூரிய ஒளி பட்டாலே சேனல் மாறிவிடும்! பின்னால் வந்த ஐஆர் ரிமோட்டுகள் ஒளியைச் சும்மா எரியவிடாமல், பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கவிடுகின்றன. அந்தத் துடிப்புள்ள ஒளியை மட்டும் ரிசீவர் கவனிக்கும். அதனால் வெயில் இப்போது சேனலை மாற்றுவதில்லை. ஆனால் ரிசீவர் மீது நேராக விழும் கடும் வெயிலில் சிக்னல் அமுங்கிப்போகலாம். திரைச்சீலை போதும், புதுக் கருவி வேண்டாம்.

ஆப்பின் தொகுப்பில் உங்கள் சாதனம் இல்லாவிட்டால் பழைய ரிமோட்டைக் காட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். கூடுமானவரை நல்ல பேட்டரி போட்டு, சில விரற்கடை தூரத்தில் பிடித்து, பட்டனைச் சட்டென்று ஒருமுறை அழுத்தி விடுங்கள். அழுத்திப் பிடித்தால் ‘இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார்’ என்ற தொடர் சிக்னலும் சேர்ந்து பதிவாகிவிடும். அப்புறம் வால்யூம் ஒரு படி ஏறச் சொன்னால் ஐந்து படி ஏறும்.

பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 என்ற ரிமோட் சிக்னல் முறையில் இயங்கும் சாதனங்களில் இன்னொரு வேடிக்கை. அந்த முறையில் ஒவ்வொரு புது அழுத்தத்துக்கும் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற குறி) மாறி மாறி வரும். ஒரே பட்டனை இரண்டு தடவை அழுத்தியதற்கும் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்ததற்கும் வேறுபாடு தெரிவது அதனால்தான். கற்றுக்கொண்ட சிக்னலில் அந்தப் பிட் உறைந்துபோய்விடும். விளைவு, 12 என்ற சேனல் வரும், 11 வராது, 1தான் வரும். இதற்குக் குரல் உதவியாளரைத் திட்டிப் பயனில்லை. அந்த முறையைத் தெரிந்து அனுப்பும் தொகுப்பு ஆப்பில் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் ஒரே எண் அடுத்தடுத்து வரும் சேனல்களுக்கு அந்த இரண்டு அழுத்தங்களையும் பழைய ரிமோட்டிலிருந்து தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

“படம் பார்க்கலாம்” என்றதும் டிவி, ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் வரிசையாக எழுவதுதான் எல்லோருக்கும் ஆசை. அதற்கான ரொட்டீனை, அதாவது ஒரு சொல்லுக்கு வரிசையாக நடக்க வேண்டிய கட்டளைகளின் பட்டியலை, எழுதும்போது இடைவெளி கொடுங்கள். டிவி முழுதாக விழித்துக்கொள்ளும் வரை அது எந்தச் சிக்னலையும் வாங்காது. ஆன் சிக்னலுக்குப் பிறகு பத்து நொடி விட்டு இன்புட் மாற்றச் சொன்னால் பிரச்சினை குறையும். இன்புட்டுக்கும் முடிந்தால் ‘எச்டிஎம்ஐ 2’ என்று நேரடிச் சிக்னல் தேடுங்கள். சுற்றிச் சுற்றி வரும் ‘சோர்ஸ்’ பட்டனை நம்பினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. “வால்யூம் 20 வை” என்பதும் ஐஆரில் நம்பகமாக நடக்காது. இப்போது எவ்வளவு என்றே தெரியாத பெட்டி எப்படி 20க்குக் கொண்டுபோகும்? படிப்படியாகக் கூட்டக் குறைக்கத்தான் முடியும்.

பாதுகாப்பில் மூன்று விஷயங்களைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். முதலாவது கணக்கு. பொருத்த வருபவர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலிலேயே கணக்கு தொடங்கிவிடுவது என் தொழிலில் இருக்கும் கெட்ட பழக்கம். அனுமதிக்காதீர்கள். அந்தக் கணக்கை வைத்திருப்பவர் எங்கிருந்து வேண்டுமானாலும் உங்கள் வீட்டுச் சாதனங்களை இயக்கலாம். உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல், வசதி இருந்தால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. வீடு மாறும்போதோ பெட்டியை விற்கும்போதோ கணக்கிலிருந்து நீக்கி, பெட்டியையும் ரீசெட் செய்யுங்கள்.

இரண்டாவது, டிவியே உத்தரவு போடுவது. 2017இல் பர்கர் கிங் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் நடிப்பவர் கூகுளை அழைத்துத் தங்கள் பர்கரைப் பற்றிக் கேட்பார். பார்ப்பவர் வீட்டு கூகுள் ஹோம் விழித்துப் பதில் சொல்லத் தொடங்கிவிடும். ஸ்பீக்கரை டிவியின் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குரல்வழி வாங்கும் வசதியை நிறுத்துங்கள், அல்லது அதற்கு ஒரு ரகசிய எண் (PIN) போடுங்கள். டிவிக்கென அமைத்த அதே ஐஆர் பெட்டியில் அறைச் சூடேற்றியையும் சேர்த்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. நான் செய்து தருவதில்லை. ஆன் ஆனதா என்றே தெரியாத ஒரு பெட்டியிடம் நெருப்புச் சம்பந்தப்பட்ட எதையும் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, சர்வரை நம்பியிருப்பது. லாஜிடெக் நிறுவனம் தன் ஹார்மனி லிங்க் என்ற ஸ்மார்ட் ரிமோட் கருவியை 2018 மார்ச்சுக்குப் பிறகு இயங்காமல் செய்யப்போவதாக 2017இல் அறிவித்தது. கருவியில் பழுதில்லை, பின்னணிச் சேவையைத்தான் நிறுத்தினார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்ததும் அதற்குப் பதிலாக ஹார்மனி ஹப் என்ற புதிய கருவியை இலவசமாகக் கொடுத்தார்கள். எல்லா நிறுவனமும் அப்படிக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்கள், இணையம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இயக்கக்கூடிய, ஹோம் அசிஸ்டன்ட் போன்ற, வீட்டிலேயே ஓடும் கட்டுப்பாட்டு மென்பொருட்களோடு சேரும் பெட்டியாகப் பார்த்து வாங்கலாம்.

பொருத்தியவர் கிளம்புவதற்கு முன் அவரை உட்கார வைத்துக்கொண்டு சிலவற்றைச் செய்து பாருங்கள். பழைய ரிமோட்டால் டிவியைப் போட்டுவிட்டு, குரலில் ‘ஆன்’ சொல்லுங்கள், அணையக் கூடாது. டிவியை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, குரலில் போடுங்கள். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, பெட்டி தானாக மீண்டும் இணைகிறதா என்று பாருங்கள். வீட்டில் குரலை அதிகம் பயன்படுத்தப் போகிறவர் கண்பார்வை குறைந்த பெரியவராகவோ, கை சரியாக வராதவராகவோ இருந்தால், இந்தச் சோதனையை அவரே தன் குரலில் செய்யட்டும். சாதனங்களுக்கு வைத்த பெயர் அவர் வாயில் சுலபமாக வரவில்லை என்றால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். பழைய ரிமோட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். படத்தின் அமைப்பு, மென்பொருள் புதுப்பிப்பு போன்ற மெனுக்களுக்கு அவை மறுபடி தேவைப்படும். மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் பேட்டரியை மட்டும் கழற்றிவிடுங்கள், கசிந்து ரிமோட்டைக் கெடுத்துவிடும்.