எச்சரிக்கை, பராக்கு: ஒரு சொல் விளக்கம்

திருக்கோணமலைப் பக்கத்துக் கோயில்களில் திருவூஞ்சல் பாடக் கேட்டவர்களுக்கு அந்த வரிசை தெரிந்திருக்கும். ஊஞ்சல் பாட்டு முடிந்ததும் எச்சரிக்கை பாடுவார்கள். அப்புறம் பராக்கு, லாலி, மங்களம். சின்ன வயதில் எனக்கு இது விளங்கவே இல்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் மீனவர்களுக்கு என்று வானொலியில் வரும் சொல், அம்மன் ஊஞ்சலில் ஆடும்போது ஏன் வருகிறது? அம்மம்மாவிடம் கேட்டேன். "சாமி வாறா, எல்லாரும் முழிப்பா நில்லுங்கோ எண்டு சொல்றது" என்றார்.

அகராதி சொல்வதும் ஏறக்குறைய அதுதான். 'எச்சரிக்கை' தெலுங்கு, கன்னடப் பக்கத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழித்திருக்கும் நிலை. தெலுங்கில் 'எச்சரிக', 'ஹெச்சரிக' என்று வரும். அரசன் வரும்போது கட்டியக்காரன் முன்னால் நின்று கூவிய சொல் இது. கோயிலில் தெய்வமும் அரசன்தானே, அதனால் அங்கேயும் ஒலித்தது. அதற்குள் மிரட்டல் இல்லை, ஆபத்தும் இல்லை. 'விழித்துக்கொள்' என்பது மட்டும்தான் இருந்தது. ஆகவே நேர்த் தமிழ் வேண்டும் என்பவர்களுக்கு 'விழிப்பு' இருக்கிறது, 'விழிப்பூட்டல்' இருக்கிறது. ஆனால் 'எச்சரி' என்று வினையாகவும் ஆகி, இத்தனை காலம் நம் வாயில் புழங்கிய சொல்லை வெளியே அனுப்பவேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அதன் கூடப்பிறந்த 'பராக்கு' இன்னும் ஆழமான சொல். அதுவும் கட்டியக்காரனின் கூவல்தான்: "பராக்கு! பராக்கு!" என்றால் கவனி என்று பொருள். ஆனால் வீட்டில் அந்தச் சொல்லை எப்போது கேட்கிறோம்? "பராக்குப் பாக்காமப் படி" என்று அதட்டும்போது. அகராதியில் இரண்டு பொருளும் இருக்கின்றன: கவனி என்னும் அழைப்பு, கவனமின்மை. ஒரே ஒலிக்குள் எதிரெதிரான இரண்டு பொருள் எப்படி வந்தன என்பதற்குச் சொல்லாராய்ச்சியில் விடை வேறாக இருக்கலாம். எனக்கோ இன்றைய பொருட்களின் மேல் சட்டம் ஒட்டவைக்கும் எச்சரிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது.

நம் ஊர்ப் பெட்டிக்கடை ஒன்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இலங்கையில் 2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் படத்தோடு எச்சரிக்கை இருக்கவேண்டும் என்பது சட்டம். புண்பட்ட உறுப்புகளின் படம், பார்க்கவே கூசும். வருகிறவர் ஒற்றைச் சிகரெட் கேட்கிறார். கடைக்காரர் பெட்டியைத் தட்டின் கீழேயிருந்து எடுத்து, ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைக்கிறார். வாங்கியவர் தூணில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போய்விடுகிறார். அந்தப் படத்தை நாள் முழுக்கப் பார்ப்பது கடைக்காரர் மட்டும். முழுப் பெட்டி வாங்க வசதியுள்ளவருக்குத்தான் எச்சரிக்கை போய்ச் சேருகிறது. கையில் இருக்கிற சில்லறைக்கு ஒன்று வாங்கும் கூலித் தொழிலாளிக்குச் சேருவதில்லை. சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் ஓரடி கூடப் போயிருக்கவேண்டும்.

சீனிக்கு வந்த நிற அடையாளமும் இப்படித்தான். 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும், நல்ல யோசனை. ஆனால் கோடு போட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கலாம். 100 மில்லிலீற்றருக்கு 10.9 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான், 3 கிராம் உள்ளதும் செம்மஞ்சள்தான். முதலாவதில் 250 மில்லிலீற்றர் குடித்தால் 27 கிராம் சீனி, கிட்டத்தட்ட ஆறு தேக்கரண்டி. சீனி வருத்தம் உள்ள என் மாமா "சிவப்பு இல்லைத்தானே" என்று குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை நிறம் அவருக்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது.

இதைவிட எனக்கு வலித்தது அமெரிக்காவில் எள்ளுக்கு நடந்தது. எள் ஒவ்வாதவர்களுக்குக் கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைக்கலாம். அவர்களைக் காப்பாற்றத்தான் 2021இல் அங்கே சட்டம் செய்தார்கள்: எள் சேர்ந்த பொருளில் அதைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரே ஆலையில் எள் போட்ட பாணும் போடாத பாணும் சுடுகிறவர்கள், ஒன்றின் தூள் மற்றதில் படாமல் இயந்திரத்தைக் கழுவித் துடைத்துக் காக்கவேண்டும். அது செலவு, கஷ்டம். அதனால் சில நிறுவனங்கள் என்ன செய்தன தெரியுமா? எள்ளே இல்லாத பாணிலும் வேண்டுமென்றே கொஞ்சம் எள்மா சேர்த்து, 'எள் உண்டு' என்று அச்சடித்துவிட்டன. எழுதியிருப்பது உண்மை, சட்டமும் மீறப்படவில்லை. ஆனால் நேற்றுவரை அந்தப் பாணைப் பயமில்லாமல் தின்ற பிள்ளை இன்று தின்ன முடியாது. எள்ளுருண்டையும் நல்லெண்ணெயும் இல்லாத வீடு நம்மிடம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் எள் ஒவ்வாத பிள்ளையை வளர்க்கும் தாயை நினைத்தால் அந்தச் செய்கையின் கொடுமை விளங்கும்.

கலிபோர்னியாவில் 1986இல் வந்த சட்டம் வேறு வழியில் பராக்காகிப் போனது. புற்றுநோய் தரக்கூடிய பொருள் இருந்தால் பலகை வைக்கவேண்டும், வைக்காவிட்டால் வழக்கு, தேவையில்லாமல் வைத்தால் தண்டனை ஒன்றுமில்லை. யார்தான் வைக்காமல் விடுவார்கள்? வாகனத் தரிப்பிடம் முதல் ஹோட்டல் வரை பலகை ஏறியது. 2018இல் கோப்பிக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல, மறுவருடம் ஒரு விதி போட்டுக் கோப்பியை விலக்கவேண்டியதாயிற்று.

இங்கே 'லேபல்' என்ற சொல்லையும் ஒருமுறை பார்க்கலாம். அது பழைய பிரெஞ்சில் துணி நாடாவை, உடையில் தொங்கும் துண்டைக் குறித்த சொல். இலங்கைத் தமிழில் அதற்குச் 'சுட்டுத்துண்டு' என்ற நல்ல சொல் இருக்கிறது. நம் 'துண்டு'ம் தோளில் போடும் துணிதான், காகிதச் சீட்டும்தான். ஆனால் சுட்டுவது வேறு, எச்சரிப்பது வேறு. சீனி எத்தனை கிராம், எந்த ஆலையில் செய்தது என்பதெல்லாம் சுட்டு. அதை 'விபரம்' என்றே எழுதலாம். உயிருக்கு ஆபத்து என்கிற இடத்துக்கு மட்டும் 'எச்சரிக்கை' என்ற சொல்லை ஒதுக்கிவைக்கவேண்டும் என்பது என் கட்சி. கட்டியக்காரன் நாள் முழுக்கக் கூவிக்கொண்டே இருந்தால், அரசன் வரும்போது யார் நிமிர்ந்து நிற்பார்கள்?

பழந்தமிழில் இன்னொரு சொல் உண்டு: இடித்துரை. திருக்குறள் 'இடிப்பார்' என்று ஆளைச் சொல்கிறது. தவறப் போகிறவனைத் தெரிந்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிற ஆள். சுட்டுத்துண்டில் இல்லாதது அந்த ஆள்தான்.

போன மாதம் அம்மாவோடு மருந்து எடுக்கப் போயிருந்தேன். மருந்து கொடுக்கும் பிள்ளை குளிசையைச் சின்னக் காகித உறையில் போட்டு, காலை, இரவு என்று பேனையால் எழுதினாள். பெட்டிக்குள் இருந்த நீளமான தாள் மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது. உறையை நீட்டினாள், அம்மா வாங்கப் போக, அவள் விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, இதைப் போட்டா நித்திரை வரும். இரவில கிணத்தடிக்குத் தனியாப் போகாதீங்கோ."

அம்மா திருப்பிச் சொன்ன பிறகுதான் உறையை விட்டாள்.