ஸ்லாட்: நேரமா, இடமா?

2021 மே மாதத்தில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்டது "ஸ்லாட் கிடைச்சுதா?" என்றுதான். அதற்கு முன்னால் ஐ.டி. கம்பெனிக்காரர்களும் டிவிக்காரர்களும் மட்டும் புழங்கிய சொல், ஒரே மாதத்தில் காசிமேட்டு மீன் ஏலம் வரைக்கும் வந்துவிட்டது. வந்ததற்குக் காரணம் கோவின், அதாவது கொரோனா தடுப்பூசிக்கு முன்பதிவு செய்ய மத்திய அரசு நடத்திய இணையதளம். மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களுக்கும் தடுப்பூசி என்று அறிவித்தார்கள், ஆனால் அந்த வயதுக்காரர்கள் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றார்கள். அரசு மையங்களில் நேரில் வந்து பதிந்துகொள்ள மே 24 அன்றுதான் வழிவிட்டார்கள். இதில் இன்னொரு கூத்தும் உண்டு: ஜூன் தொடக்கத்தில் அந்தத் தளத்தில் இந்தியோடு வேறு பல இந்திய மொழிகளைச் சேர்த்தபோது தமிழ் இல்லை, எதிர்ப்பு எழுந்த பிறகே அதையும் சேர்த்தார்கள். திரையில் தமிழ் வருவதற்குள் ஸ்லாட் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.

சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது இதற்கு நெஞ்செலும்புக்கு மேலே இருக்கும் பள்ளம் என்று பொருள், அதாவது நம் தொண்டைக்குழி. பிறகு எந்த ஒடுக்கமான துளைக்கும் ஆகிவந்து, காசு போடும் இயந்திரத்தின் வாய்க்கும் அதுவே பெயரானது. வானொலி நிகழ்ச்சி நிரலிலும் விமான நிலையத்திலும் ஒருவருக்கென்று விட்டுவைக்கும் நேர இடைவெளியைக் குறிக்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். கணினிக்குள் அட்டை செருகும் இடத்தைச் செருகுவாய் என்று தமிழில் எழுதுகிறார்கள், அங்கே அது சரி. தடுப்பூசிக்குச் சரிப்படாது, ஊசி போட்டுக்கொள்ள வருகிறவரை எங்கே செருகுவது?

சரி, மென்பொருளுக்குள் இது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் சரியான சொல் பிடிபடும். கோவின் தகவலை மற்ற செயலிகளுக்குத் தந்த வடிவத்தில் ஒரு மையத்தின் கீழே அமர்வுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வோர் அமர்வுக்கும் தேதி, குறைந்தபட்ச வயது, தடுப்பூசியின் பெயர், மிச்சமிருக்கும் எண்ணிக்கை. ஸ்லாட் என்ற பெயரில் அதில் இருந்தவை வெறும் நேரத் துண்டுகள், காலை 9 முதல் 11 வரை என்பது மாதிரி. அப்படியானால் நாம் "ஸ்லாட் காலி ஆயிடுச்சு" என்று புலம்பியபோது தீர்ந்துபோனது அந்த மிச்ச எண்ணிக்கைதான், 9 மணியும் 11 மணியும் எங்கேயும் போகவில்லை. மையத்துக்குப் போனாலும் இதே கதை. 9 முதல் 11 என்று பதிந்திருந்தாலும் பல இடங்களில் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினால்தான் உள்ளே விட்டார்கள், அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற பெண் நாலு இலக்க ரகசிய எண்ணைக் கேட்பார், அந்த எண் வந்த போனோ மகனோடு வேலைக்குப் போயிருக்கும்.

ஆக இங்கே மூன்று விஷயங்கள் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. நேரத் துண்டுக்கு நேரப்பிரிவு என்று எழுதலாம். மிச்ச எண்ணிக்கைக்கு இடம் போதும், "10 இடம் இருக்கு" என்றால் பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் புரிகிற மாதிரி இங்கேயும் புரியும். மூன்றாவதான டோக்கனுக்கு முறைச்சீட்டு என்று வைக்கலாம், தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு "அடுத்தது யார் முறை" என்று கேட்கிற ஊரில் முறைக்கு விளக்கம் தேவையில்லை, ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டும் ஏற்கனவே இருக்கிறது.

அரசு அறிவிப்புகளிலும் பத்திரிகைகளிலும் அடிக்கடி வரும் 'நேர ஒதுக்கீடு' எனக்கு ஒப்பவில்லை. ஒதுக்கீடு என்றால் ஒருவருக்கென்று ஏற்கனவே எடுத்து வைத்தாயிற்று என்று பொருள். இன்னும் யாரும் எடுக்காமல் திறந்து கிடப்பதையும் அதே சொல்லால் சொன்னால், 'ஒதுக்கீடு உள்ளது' என்று திரையில் பார்க்கிறவர் தனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பி வந்துவிடுவார். பதிவு முடிந்த பிறகு வரும் குறுஞ்செய்தியில் வேண்டுமானால் அது பொருந்தும்.

குழந்தைகளின் தடுப்பூசிக்கு இப்போது கோவின் மாதிரியே யூவின் என்ற தளம் வந்திருக்கிறது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி நாள் என்பது தாய்மார்களுக்கு மனப்பாடம், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் 'ஸ்லாட் புக்கிங்' என்ற பொத்தானைத் தேடப் போவதில்லை. 'இடம் இருக்கிறதா பார்க்க' என்று ஒரு பொத்தான், 'நேரம் தேர்ந்தெடுக்க' என்று இன்னொன்று, இப்படிப் பிரித்து எழுதினால் போதும், மென்பொருளுக்குள் இருக்கும் பிரிவும் அதுவேதான்.