மூச்சு விட்டே பாடுங்கள்

போன மார்கழியில் ஒரு கல்லூரி மாணவர் அம்மாவுடன் வந்தார். வாயைத் திறந்ததும் முதலில் காற்று வந்தது, குரல் அதற்குப் பின்னால் நைந்துபோய் வந்தது. கல்யாண ரிசப்ஷன்களில் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவர். இரண்டு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது என்றார். என்ன பாடினீர்கள் தம்பி என்று கேட்டேன். "மண்ணில் இந்தக் காதலன்றி, மேடம். மூச்சு விடாம."

குரல் சிகிச்சையாளராக இந்தப் பாட்டின் பெயரை இப்படிக் கேட்பது எனக்கு முதல் முறை இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாட்டு 1990-இல் வந்த கேளடி கண்மணி படத்துக்காக இளையராஜா இசையமைத்தது. வசந்த் இயக்கிய முதல் படம். பாடியது எஸ்.பி.பாலசுப்ரமணியம், திரையிலும் அவரே நாயகன், ராதிகாவோடு. சரணம் ஓடும்போது பாடகர் மூச்சு இழுக்கும் சத்தம் எங்கேயும் காதில் விழாது, வரிமேல் வரியாகச் சொற்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். எனக்கும் பிடித்த பாட்டு. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக நம் பையன்கள் இதை ஒரு பந்தயமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹாஸ்டல் அறையில் ஒருவன் பாட இன்னொருவன் செல்போனில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பான். மேடையில் ஒருவர் தம் கட்டிப் பாடினால் கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

எஸ்.பி.பி.யே இதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: அந்தச் சரணம் அப்படியே ஒரே மூச்சில் பாடப்பட்டதல்ல, ஒலிப்பதிவு நுட்பமும் சேர்ந்துதான் அது நம் காதுக்கு அப்படிக் கேட்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வரியைப் பாடி நிறுத்தலாம், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைப் பாடலாம், இரண்டையும் தையல் தெரியாமல் சேர்த்துவிடலாம். இது ஏமாற்று வேலை இல்லை, சினிமாவின் கலையில் அதுவும் ஒரு பகுதி. அவ்வளவு பெரிய பாடகர் வாயாலேயே சொன்ன பிறகும், கல்யாண மண்டபத்தில் சளிப் பிடித்த தொண்டையோடு நிற்கும் இருபது வயதுப் பையன் அதை நிஜமாகச் செய்து காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தம் கட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் இழுப்பது சுமார் அரை லிட்டர் காற்று. முழுக்க இழுத்து முழுக்க வெளியே விட்டால் ஆண்களுக்கு நாலு, நாலரை லிட்டர் வரைக்கும் வரும், பெண்களுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேலும் ஒரு லிட்டர்போல நுரையீரலிலேயே தங்கிவிடும், யார் எவ்வளவு முக்கினாலும் அது வெளியே வராது. நுரையீரல் ஒரு பலூன் மாதிரி. நிறைய அடைத்து வைத்தால் தானாகவே வேகமாக வெளியே தள்ளும், அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தக் குரல் நாண்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூச்சு தீரும் கட்டத்தில் நேரெதிர்: பலூனில் அழுத்தம் இல்லை, வயிற்றையும் விலாவையும் நெரித்துக் காற்றைப் பிதுக்க வேண்டும், அது போதாமல் தொண்டையும் சேர்ந்து நெரியும். கழுத்து நரம்பு புடைத்து, தோள் தூக்கி, முகம் சிவக்கிறதே, அந்த நிமிடம் நாண்கள் ஒன்றோடொன்று முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. மூச்சை முட்ட முட்ட இழுத்து, கடைசிச் சொட்டு வரை பாடினால் இந்த இரண்டு அடியும் ஒரே பாட்டில் விழும்.

குரல் நாண்கள் எவ்வளவு சிறியவை என்பது பலருக்குத் தெரியாது. ஆண்களுக்கே இரண்டு சென்டிமீட்டர்போலத்தான். சாதாரணமாகப் பேசும்போது ஆணுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்ணுக்கு இருநூறு முறையை ஒட்டியும் அவை அதிர்கின்றன. மேல் ஸ்தாயிக்குப் போனால் இன்னும் பல மடங்கு. அந்த வேகத்தில் இறுக்கமாக மோதும்போது, ஏற்கெனவே சளியால் வீங்கியிருந்தால், உள்ளே ஒரு நுண்ணிய ரத்தக்குழாய் உடைந்துவிடலாம். ரத்தம் கசிந்து, ஆறாமலே திரும்பத் திரும்பப் பாடினால், அந்த இடத்தில் கொப்புளம்போல ஒரு சதை திரளும். அதைத்தான் பாலிப் என்கிறோம். தினமும் கத்திக் கத்திப் பேசுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் காய்ப்புபோல வரும் முடிச்சுகள் வேறு கதை, அவை மெதுவாக வரும். பள்ளிக்கூட டீச்சர்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் அதற்குத்தான்.

இந்தத் தம்பிக்கு நடந்தது முதல் வகை. ஜலதோஷத்தோடு போயிருக்கிறார், ஒன்ஸ் மோர் கேட்டு இரண்டாவது முறையும் பாட வைத்திருக்கிறார்கள், சரணத்தின் கடைசியில் தொண்டையில் ஏதோ சுருக்கென்றிருக்கிறது. மறுநாள் காலையில் குரலே இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு ரிசப்ஷன். மிளகுப் பால் குடித்துவிட்டுப் பாடு, சரியாகிவிடும் என்று குழுவை நடத்துகிறவர் சொல்ல, போய்ப் பாடியிருக்கிறார். அந்த இரண்டாவது நாள்தான் என் மனதை அறுக்கிறது. அன்றைக்கு ஒரு வாரம் வாயை மூடி ஓய்வு கொடுத்திருந்தால், இரண்டு மாதம் கழித்து என் எதிரில் வந்து உட்கார வேண்டியே இருந்திருக்காது.

இங்கே இன்னொரு காதல் பாட்டு ஞாபகம் வருகிறது. 1969-இல் வந்த அடிமைப்பெண். கே.வி.மகாதேவன் இசையில் ஆயிரம் நிலவே வா பாட்டுக்கு எஸ்.பி.பி. என்ற புதுப் பையனைத் தேர்ந்தெடுத்திருந்த நேரத்தில் அவருக்கு டைஃபாய்டு வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். வேறு பாடகரை வைத்து முடித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பையன் குணமாகி வரும்வரை ஒலிப்பதிவைத் தள்ளிவைத்தார். என்னிடம் வரும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வேன். எம்.ஜி.ஆரின் கால்ஷீட்டே ஒரு தொண்டைக்காகக் காத்திருந்தது, ஒரு ரிசப்ஷன் காத்திருக்காதா?

மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம் எல்லாம் தப்பில்லை, இதமாக இருக்கும். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாய் வழியே போகிறது, நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். அவற்றுக்கு ஈரம் உடம்புக்குள்ளிருந்துதான் வர வேண்டும், அதனால் பாடும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க வேண்டும், மேடை ஏறும்போது அரை பாட்டில் குடித்தால் ஆகாது. ஆவி பிடிக்கலாம், வெறும் தண்ணீர் ஆவி போதும். தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யாதீர்கள், ஒவ்வொரு கனைப்பும் நாணுக்கு ஓர் அறை. கிசுகிசுப்பாகப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள், பலர் அப்போது தொண்டையை இன்னும் நெரிக்கிறார்கள். ஓய்வு என்றால் பேசாமல் இருப்பதுதான். அப்புறம், தொண்டை வலிக்கிறது என்று நீங்களாகவே ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு பாடப் போகாதீர்கள், ரத்தக்கசிவை அது கூட்டும்.

ஒரு நிகழ்ச்சியின் நடுவில் திடீரென்று குரல் போனால் அந்த நொடியே நிறுத்துங்கள், மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாகக் கம்மிய குரல் மூன்று வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றாலும் அதேதான். புகைபிடிக்கிறவர்கள், புகையிலை போடுகிறவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப் போட வேண்டாம், குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதே கம்மல்தான்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். ஸ்டாப்வாட்ச் வைத்து ஆ என்று இழுக்கச் சொன்னேன். அவர் வயது ஆண் ஒருவர் இருபது நொடியாவது பிடிப்பார், இவருக்கு எட்டு நொடிதான் வந்தது. நாண்கள் சரியாக மூடாமல் காற்று வீணாகப் போய்க்கொண்டிருந்தது. மூச்சுப் பிடித்துப் பேர் வாங்கினவருக்கு எட்டு நொடி என்றதும் அவர் அம்மா அழுதுவிட்டார். பாலிப் சிறியதாக இருந்ததால், முதலில் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், குறையவில்லை என்றால் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை லேசாக முக்கி, ஊ என்று குமிழி விட்டபடியே ஸ்வரம் ஏறி இறங்குவது முக்கியமான பயிற்சி. குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் அந்த எதிரழுத்தத்தில் நாண்கள் மோதாமல் மென்மையாகச் சேரப் பழகும். அதோடு சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கச் சொன்னேன். ஒரிஜினல் சுருதியில்தான் பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அந்தச் சுருதி எஸ்.பி.பி.யின் தொண்டைக்காக வைத்தது.

மூன்று மாதத்தில் பாலிப் பெரும்பகுதி சுருங்கிவிட்டது, இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். போன வாரம் பதினேழு நொடி பிடித்தார். பாடிக் காட்டட்டுமா என்று கேட்டு, பையிலிருந்து பாட்டு எழுதிய தாளை எடுத்தார். சரணத்தில் ஆறு இடத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு கோட்டிலும் நின்று, எனக்குக் கேட்கும்படியாக மூச்சு வாங்கிக்கொண்டு பாடினார்.