இரண்டு கடை, ஒரே சாவி

கடைகளுக்கும் சிறு மருத்துவமனைகளுக்கும் நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில். புதுச்சேரி நேரு வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி, "தம்பி, உலகத்துலயே பெரிய பகா எண்ணைக் கண்டுபிடிச்சிட்டாங்களாம். இனிமே பேங்க் பூட்டெல்லாம் உடைஞ்சிடுமாமே?" என்று கேட்டார். பயந்துபோயிருந்தார்.

உடையாது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அந்த எண், 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். ஊருக்கே தெரிந்த எண்ணை யாரும் பூட்டில் வைக்க மாட்டார்கள். பேங்க் தகவலை இணையத்தில் பூட்டி அனுப்பப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ என்ற முறையின் பூட்டுக்கு வேண்டியது, சுமார் 300 இலக்கமுள்ள, யாருக்கும் தெரியாத இரண்டு பகா எண்கள். அவற்றைப் பெருக்கி வந்த எண்ணை வெளியே கொடுத்துவிடலாம். அதைப் பிரித்து அந்த இரண்டையும் எடுக்க இன்றைய கணினிகளால் முடியாது.

சரி, பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அன்றைக்கே அவர் கடையின் ஃபயர்வால் (வெளியாட்கள் நெட்வொர்க்குக்குள் நுழையாமல் தடுக்கும்) பெட்டியையும் கடலூர் மஞ்சக்குப்பம் கிளையில் உள்ள பெட்டியையும் ஒப்பிட்டேன். இரண்டிலும் ஒரே சாவி, அதாவது அதே இரண்டு ரகசியப் பகா எண்கள்! முன்பு பொருத்தியவர் ஒன்றின் அமைப்பை அப்படியே மற்றதில் நகலெடுத்திருக்கிறார். கடலூர் பெட்டி பழுதுபார்க்கப் போய் தவறான கையில் சிக்கினால், புதுச்சேரிக் கடையும் திறந்துவிடும்.

இதையாவது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே ஒரு பகா எண் மட்டும் பொதுவாக இருந்தால்? வெளியே தெரியும் எண்கள் வேறு வேறாக இருக்கும், சந்தேகமே வராது. சிறிய எண்களில் பாருங்கள்: ஒரு பெட்டியின் எண் 10403, இன்னொன்றின் எண் 11021. பத்தாம் வகுப்பில் படித்த யூக்ளிடின் வகுத்தல் முறையைப் போடுங்கள். 11021-ஐ 10403-ஆல் வகுத்தால் மீதி 618. 10403-ஐ 618-ஆல் வகுத்தால் 515. அப்புறம் 103. அடுத்து மீதி பூஜ்யம். மீ.பொ.வ 103 கிடைத்துவிட்டது. 101 × 103, 103 × 107 என்று இரண்டு பூட்டும் ஒன்றாகத் திறந்துகொண்டன. 600 இலக்க எண்களுக்கும் கணினியில் இது கண்ணிமைக்கும் நேர வேலைதான்.

2012-ல் ஆய்வாளர்கள் இணையம் முழுவதும் பொதுச்சாவிகளை, அதாவது வெளியே கொடுக்கும் எண்களைத் திரட்டி இதே கணக்கைப் போட்டார்கள். பாதுகாப்பான இணைப்பு தரும் கருவிகளில் 0.50 சதவீதத்தின் ரகசியச் சாவி அவர்கள் கைக்கு வந்தது. பெரும்பாலும் ரூட்டர், ஃபயர்வால் போன்ற சிறு பெட்டிகள்.

பகா எண்களுக்கா பஞ்சம்? சுமார் 300 இலக்கமுள்ள எண்களில் சராசரியாக ஏறக்குறைய 700-க்கு ஒன்று பகா எண். கண்மூடி எடுத்தால் இரண்டு பேருக்கு ஒன்றே வர வாய்ப்பே கிடையாது. ஆனால் கண்மூடி எடுக்கப் பெட்டிக்குத் தெரிய வேண்டுமே. விசைப்பலகை, மவுஸ் அசைவுகளின் நேர ஏற்ற இறக்கத்திலிருந்து கணினி தற்செயலைச் சேகரித்துக்கொள்ளும். சிறு பெட்டிக்கு அவை இல்லை. மின்சாரம் கொடுத்ததும் ஒரே மாதிரி விழித்து, பல பெட்டிகள் ஒரே எண்ணைப் பிடித்துவிடலாம்.

உங்கள் பெட்டியைப் பொருத்துபவரிடம், அமைப்பை நகலெடுத்தாலும் சாவியை நகலெடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் மென்பொருளைப் புதுப்பித்து, பெட்டி கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பழைய சாவியை அழித்துப் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள். நேரு வீதியில் அன்று மாலையே அதைச் செய்தேன், மறுநாள் காலை மஞ்சக்குப்பத்தில்.