பால்மரத்துக்காரர் பெயரில் ஒரு பாம்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்களுக்குப் பாம்பு புதிதல்ல. நெற்றி விளக்கோடு விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போன பாட்டிமார் மர நிரைக்குள் இறங்கும்போது தரையைத்தான் முதலில் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் ஞாயிறானால் கயிறும் கொக்கியுமாக ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் ஏறுகிறார்கள். அங்கே பாம்பு காலடியில் இருப்பதில்லை. கை வைக்கப்போகும் பொந்தில், முகத்துக்கு நேரே இருக்கிறது.

போன மாதம் தம்பி ஒருவன் மேலே தொங்கியபடி கத்தினான்: "அண்ணே, வெளிறிப்போய் ஒண்ணு, ஆள் நீளம் இருக்கு!"

"கையை எடுத்துட்டு வாலைப் பாருடா."

"வாலு கறுப்பு. நடுவுல வெள்ளைக் கோடு."

அப்படியானால் குகைச் சாரை. விஷமில்லை. கண்ணின் குறுக்கே கருங்கோடு, உடல் வெளிர் மண்நிறம், பின்பாதி கறுத்து நடுவே ஒரு வெளிர்க்கோடு. வயிற்றுச் செதில்களின் ஓரத்தைப் பாறையின் சொரசொரப்பில் மாட்டிச் செங்குத்தாக ஏறும். குகை இருட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்து, பறந்து வரும் வௌவாலைப் பிடிக்கும். பத்துமலை இருட்டுக் குகையிலும் இது உண்டு.

1899இல் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் 'ரிட்லி' இருக்கிறது. அவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர். ரப்பர் மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவர். நம் தாத்தாக்களைக் கப்பலேற்றிய தொழிலுக்கு வழி போட்டவர் பெயர் இந்தப் பாம்போடும் ஒட்டிக்கொண்டது.

கவலைப்பட வேண்டியது அடிவாரப் புதரில். பினாங்கு பாம்புக் கோயிலில் பார்த்திருப்பீர்களே, மலாய்க்காரர்கள் 'ஊலார் காப்பாக்' என்கிற விரியன், அதுதான். வளர்ந்த பெண் பாம்பு தடித்து, கறுப்பில் மஞ்சள் பட்டைகளோடு இருக்கும். ஆணும் குட்டியும் மெலிந்த பச்சை. கண்ணருகே சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு கீற்று. இரண்டும் ஒரே இனம் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஓடாது, அசையாது, நாள் கணக்கில் அப்படியே இருக்கும். அதனால்தான் கை அதன்மேல் போய் விழுகிறது.

கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே அதற்கு ஒரு குழி உண்டு. குழிக்குள் மெல்லிய சவ்வு. எலியின் உடல் சூடு அதில் பட்டதும் நரம்பு நுனியிலுள்ள ஒரு புரதக் கதவு திறக்கிறது. அந்தப் புரதம் எதுவென்று 2010இல் கண்டறிந்தார்கள். செய்தி மூளையில் கண் பார்வையோடு கலப்பதால், இருட்டிலும் சூடான உருவம் அதற்குத் தெரிகிறது. உங்கள் விரலும் சூடானதுதான். ஆனால் 'குழி இருந்தால் விஷம்' என்று முடிவு கட்டாதீர்கள். விஷமில்லாத மலைப்பாம்புக்கு உதட்டில் வரிசையாகக் குழிகள்.

முக்கோணத் தலை இருந்தால் விஷம் என்ற கணக்கும் ஓட்டைதான். பயந்தால் தலையைத் தட்டையாக்கும் சாதுப் பாம்புகள் பல. நாகத்துக்கோ முக்கோணத் தலையே இல்லை. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்க மரமேறும் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த கதைகளுக்கு இங்கேயும் ஆயுள் கெட்டி. அவை இரண்டாலும் மனிதர் சாவதில்லை. இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டு பச்சைகளை: கூர்மூக்கும் படுக்கைவாட்டுக் கண்மணியும் கொண்ட கொடி போன்றது பச்சைப்பாம்பு, ஒல்லிக் கழுத்தின்மேல் அகன்ற தலை வைத்தது விரியன் குட்டி.

கடித்துவிட்டால் இனம் தெரிவது மருத்துவருக்கு உதவும். இந்தியாவின் கூட்டு விஷமுறிவு மருந்து அங்குள்ள நான்கு பாம்புகளுக்கானது; நம் விரியனுக்கு அதை நம்ப முடியாது. இங்கே பெரும்பாலும் தாய்லாந்து மருந்துகள், பாம்புக்கேற்ப வெவ்வேறு. ஆகவே இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட கையை அசைக்காமல், கூட வந்தவர்களிடம் கயிற்றில் இறக்கச் சொல்லி, அவசர எண் 999ஐ அழையுங்கள். தூரத்திலிருந்து முடிந்தால் ஒரு படம். பாம்பைப் பிடிக்கப் போக வேண்டாம்.

தம்பி கீழே வந்து எடுத்த படத்தில் பாறைதான் தெளிவாக விழுந்திருந்தது. ஓரத்தில், பொந்துக்குள் போய்க்கொண்டிருக்கும் வாலில் அந்த வெள்ளைக் கோடு மட்டும்.