விழுங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை

"சாப்பிடவே மாட்டேங்கிறான் டாக்டர், ஒரே அடம்" என்று பெற்றோர் சொல்வதைப் பினாங்கில் குழந்தை மருத்துவராகப் பணியாற்றும் நான் அடிக்கடி கேட்கிறேன். பட்டர்வொர்த்திலிருந்து 3 நாள் காய்ச்சலோடு வந்த 8 வயதுச் சிறுவனின் தாயாரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் ஒரு வாய் மைலோவை விழுங்கியதும் அவன் நெஞ்சின் நடுவில் கையை அழுத்திக்கொண்டு அழுதான். தொண்டையில் பெரிதாகச் சிவப்பில்லை; அதனால்தான் என் ஐயம் தொண்டைக்குக் கீழே, உணவுக்குழாயின் மீது சென்றது.

உதட்டோரக் கொப்புளங்களை உண்டாக்கும் அதே ஹெர்ப்பீஸ் வைரஸ், சில பிள்ளைகளுக்கு உணவுக்குழாயில் புண்களை உண்டாக்கி அழற்சியைத் தருகிறது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் என நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய பிள்ளைகளிடம்தான் இது அதிகம். அவர்களைச் சைட்டோமெகலோ வைரஸும் தாக்கக்கூடும். எனினும் நல்ல உடல்நலமுள்ள பிள்ளைக்கும் ஹெர்ப்பீஸ் அழற்சி வரலாம் என்பதை மருத்துவர்களாகிய நாங்களே சில வேளைகளில் மறந்துவிடுகிறோம். வாயில் புண் இல்லை என்பதற்காக இந்நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் ஹெர்ப்பீஸ் புண்கள் சிறியனவாக, விளிம்பு தெளிந்து தெரியும். வைரஸ் புண்ணின் விளிம்பிலுள்ள திசுக்களில் இருப்பதால் மாதிரியை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். சைட்டோமெகலோ புண்ணில் நடுப்பகுதியிலிருந்து எடுக்கிறோம். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அசைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து தாமதமின்றித் தேவை. மற்ற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாகவே ஆறிவிடும் என்றாலும், வலி கடுமையாக இருந்தால் அவர்களுக்கும் அம்மருந்தைத் தருவதுண்டு. ஆன்டிபயாட்டிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது; முன்பு வாங்கி மிச்சமிருந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு இறைச்சித் துண்டுகள் முன்பே அடிக்கடி நெஞ்சில் சிக்கியதுண்டு என்பது பிறகுதான் தெரிய வந்தது. இயோசினோபில் என்னும் ஒருவகை வெள்ளை அணுக்கள் உணவுக்குழாயில் சேர்வதால் வரும் ஒவ்வாமை சார்ந்த அழற்சியும் உடனிருக்கலாம் என்பதால், புண் ஆறிய பின்னும் அவனைத் தொடர்ந்து பார்த்தோம்.

வீட்டில் ஆறிய கஞ்சியையும் குளிர்ந்த பாலையும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். காரத்தையும் புளிப்பையும் தவிருங்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடியவிட்டாலோ, 8 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, பொத்தான் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலோ, விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.